ஜெயித்ததெல்லாம் உண்மையா?

1868, ஆகஸ்ட் 18. குண்டூர். அன்று அது மதராஸ் மாகாணத்து ஊர். காலை ஒன்பது மணி வாக்கில் சூரியனை நிலா முழுதாக மூடப் போகிறது. ஐந்து நிமிடத்துக்கும் மேல் பகல், இரவாகப் போகிறது.

அந்த ஐந்து நிமிடத்துக்காக பாரீஸிலிருந்து கப்பலேறி வந்து காத்திருந்தார் பியர் ஜான்சன். மசூலிப்பட்டினத்தில் காத்திருந்தார் மதராஸ் வானாய்வு நிலையத்தின் தலைவர் நார்மன் போக்சன். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வனபர்த்தியில் தொலைநோக்கியோடு தயாராக இருந்தார். ஆகஸ்ட் மாதம், மழைக்காலம். ஒரு மேகம் குறுக்கே வந்தால் போதும், பல மாத உழைப்பு வீண்.

சூரியன் மறைந்தது. அதன் விளிம்பில் செந்நிறத் தீநாக்குகள் தெரிந்தன. அவற்றின் ஒளியை நிறமாலைமானி என்ற கருவி வழியாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்குப் பளிச்சென்று சில கோடுகள் கிடைத்தன. அதில் ஒன்று மஞ்சள் கோடு.

அந்த ஒரு கோட்டிலிருந்து ஒரு கதை தொடங்கியது. அதைப் பின்தொடர்ந்து போனால் தத்துவப் பேராசிரியர்கள் இன்றுவரை முடிக்காத ஒரு பெரிய சண்டையில் போய் நிற்கலாம். சண்டை இதுதான்: அறிவியல் ஏன் ஜெயிக்கிறது? அது சொல்வது உண்மை என்பதாலா, வேறு காரணத்தாலா?

அடுப்பு ஜுவாலையில் ஒரு கையெழுத்து

உப்புப் போட்ட குழம்பு பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீல ஜுவாலை சட்டென்று மஞ்சளாக மாறும். உப்பில் இருக்கும் சோடியத்தின் வேலை அது. தீபாவளி மத்தாப்பில் சிவப்பு வந்தால் ஸ்ட்ரான்ஷியம், பச்சை வந்தால் பேரியம். ஒவ்வொரு தனிமமும் சூடாகும்போது தனக்கென்று சில நிறங்களைத்தான் உமிழும். கைரேகை மாதிரி. ஒன்றின் ரேகை இன்னொன்றுக்கு வராது.

1859-60இல் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள் ஜெர்மனியின் கிர்ஹாஃப், புன்சன் இருவரும். பலன் உடனே கிடைத்தது. தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத நீலக் கோடுகளைக் கண்டார்கள், சீசியம் கிடைத்தது. சிவப்புக் கோடுகளைக் கண்டார்கள், ருபீடியம் கிடைத்தது. மற்றவர்கள் இதே வழியில் தாலியத்தையும் இண்டியத்தையும் பிடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் நான்கு புதிய தனிமங்கள்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதனால் ஒருபோதும் அறிய முடியாது என்று 1835இல் எழுதியிருந்தார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் அகஸ்ட் கோம்ட். கண்ணால் பார்ப்பதோடு அறிவியல் நின்றுகொள்ள வேண்டும், அதற்கு அப்பால் கற்பனை வேண்டாம் என்பது அவர் கட்சி. அவர் இறந்தது 1857இல். அடுத்த சில ஆண்டுகளுக்குள், சூரியனில் சோடியம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது என்று ஆய்வகத்தில் உட்கார்ந்தபடியே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று பிள்ளைகள்

குண்டூரில் தெரிந்த மஞ்சள் கோட்டைப் பலரும் சோடியம் என்றே நினைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், கிரகணம் இல்லாமலேயே சூரிய விளிம்பை ஆராயும் வழியை இங்கிலாந்தில் கண்டுபிடித்தார் நார்மன் லாக்யர். ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, ஓய்வு நேரத்தில் வானியல். ஜான்சனும் குண்டூரில் கிரகணத்துக்கு மறுநாளே அந்த வழியைக் கண்டிருந்தார். இருவர் முகமும் பொறித்த பதக்கத்தையே பின்னாளில் பிரான்சில் வெளியிட்டார்கள்.

லாக்யர் கவனித்தது ஒரு மயிரிழை வித்தியாசத்தை. அந்த மஞ்சள் கோடு, சோடியத்தின் இரட்டைக் கோடுகளுக்கு அருகில் இருந்தது. ஆனால் அவற்றின் மேல் இல்லை. ரசாயன அறிஞர் எட்வர்ட் ஃபிராங்லாண்டோடு சேர்ந்து ஆய்வகத்தில் அதை வரவழைக்க முயன்றார், வரவில்லை. அப்படியானால் பூமியில் இல்லாத ஒரு தனிமம் சூரியனில் இருக்கிறது. கிரேக்க மொழியில் சூரியன் 'ஹீலியோஸ்' என்பதால் அதற்கு ஹீலியம் என்று பெயர். யாரும் தொட்டதில்லை, முகர்ந்ததில்லை. ரசாயன அறிஞர்கள் பலர் நம்பவும் இல்லை.

அடுத்த ஆண்டு, 1869 ஆகஸ்ட் 7. அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம். சூரியனைச் சுற்றித் தெரியும் வெள்ளி நிற ஒளிவட்டமான கொரோனாவில், தனித்தனியே ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்தார்கள் சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் இருவரும். அதுவும் பூமியில் தெரிந்த எதற்கும் சரியாகப் பொருந்தவில்லை. பெயர் வைத்தார்கள்: கொரோனியம்.

இதற்கும் முன்பே, 1864இல், வானத்து வாயு மேகம் ஒன்றைப் பார்த்தபோது வில்லியம் ஹக்கின்ஸுக்கு வேறு பச்சைக் கோடுகள் கிடைத்திருந்தன. அவையும் எதற்கும் பொருந்தவில்லை. அந்த மேகங்களுக்கு 'நெபுலா' என்று பெயர், ஆகவே தனிமத்துக்கு நெபுலியம்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே முறை, ஒரே வாதம், ஒரே காலம். முன்பு நான்கு முறை ஜெயித்துக் காட்டிய வாதம் அது. தனிம அட்டவணையை அமைத்த மெண்டலீவே 1900களின் தொடக்கத்தில் கொரோனியத்துக்குத் தன் அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்கிப் பார்த்தார் என்றால் அந்தக் காலத்து நம்பிக்கையைப் புரிந்துகொள்ளலாம்.

முடிவு என்ன? ஹீலியம் பிறந்தநாள் பலூனில் மிதக்கிறது. கொரோனியமும் நெபுலியமும் இந்தப் பிரபஞ்சத்தில் எங்கேயும் இல்லை.

காக்கை உட்கார...

இந்த இடத்தில்தான் தத்துவக்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஹிலரி பட்னம் 1975இல் முன்வைத்த வாதம் எளிமையானது. அறிவியல் கணித்துச் சொல்வது திரும்பத் திரும்பப் பலிக்கிறது. மருந்து வேலை செய்கிறது, விமானம் பறக்கிறது, கிரகணம் சொன்ன நிமிடத்தில் வருகிறது. அணு, எலக்ட்ரான், கிருமி என்று அறிவியல் சொல்கிறவை நிஜத்தில் இல்லை என்றால், இத்தனை வெற்றியும் அற்புதம் என்றுதான் சொல்ல வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று ஒரு தடவை சொல்லலாம். ஆயிரம் காக்கை உட்கார்ந்து ஆயிரம் பழம் விழுந்தால்? கிளைக்கும் பழத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்றுதான் புத்தியுள்ளவர் சொல்வார்.

இந்தக் கட்சிக்கு மெய்ம்மைவாதம் என்று பெயர். பெரும்பாலான விஞ்ஞானிகளும், நம்மில் பெரும்பாலானவர்களும் யோசிக்காமலே இந்தப் பக்கம்தான்.

எதிர்க்கட்சியிலிருந்து எழுந்தார் லாரி லாடன். 1981இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: நன்றாக ஜெயித்து, பிறகு பொய் என்று ஆன கொள்கைகள் எத்தனை! வெப்பம் என்பது ஒரு கண்ணுக்குத் தெரியாத திரவம் என்றார்கள். ஒளி பயணம் செய்ய ஈதர் என்ற பொருள் வெளியெங்கும் நிரம்பியிருக்கிறது என்றார்கள். அவற்றை வைத்துச் சரியான விடைகளும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தத் திரவமும் இல்லை, ஈதரும் இல்லை. வெற்றி உண்மைக்குச் சாட்சி என்றால், இவை எப்படி ஜெயித்தன?

நம் வீட்டுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் காலராவுக்குக் காரணம் கெட்ட காற்று, துர்நாற்றம் என்றே பெரும்பாலான மருத்துவர்களும் அதிகாரிகளும் நம்பினார்கள். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. நாற்றத்தை ஒழிக்க பிரமாண்டமான பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட். 1866க்குப் பிறகு லண்டனில் காலரா கொள்ளைநோயாகத் திரும்பவில்லை. கொள்கை ஜெயித்துவிட்டது! ஆனால் காரணம் காற்று அல்ல, தண்ணீர். சாக்கடை, நாற்றத்தோடு கிருமியையும் குடிநீரிலிருந்து தள்ளிக்கொண்டு போயிற்று. 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார் ராபர்ட் கோக்.

ஆகவே 'பலன் கிடைத்தது' என்பது ஒன்று, 'சொன்ன காரணம் சரி' என்பது இன்னொன்று. கஷாயம் குடித்தேன், காய்ச்சல் விட்டது என்று நாம் சொல்லும்போதும் இதே கேள்விதான் பின்னால் நிற்கிறது.

எலி ஏன் ஓடுகிறது?

மூன்றாவது குரல், பாஸ் வான் ஃபிராசன். 1980இல் வந்த அவருடைய நூல் இந்தச் சண்டையையே வேறு கோணத்தில் திருப்பியது. பூனையைக் கண்டால் எலி ஏன் ஓடுகிறது? பூனை தன் எதிரி என்ற உண்மை எலிக்குத் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. ஓடாத எலிகள் எல்லாம் எப்போதோ காலி. மிச்சம் இருப்பவை ஓடுகிற எலிகள். அறிவியல் கொள்கைகளும் அப்படித்தான் என்றார் அவர். கடும் போட்டியில் தோற்றவை ஒழிந்தன, ஜெயித்தவை மிஞ்சின. மிஞ்சியவை ஜெயிக்கின்றனவே என்று ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கண்ணால் காணக்கூடிய விஷயங்களில் கொள்கை பொருந்தினால் போதும். காணாதவற்றைப் பற்றி அது சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதில் ஓர் ஓட்டை தெரியும். பழைய கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்த மாணவன் பழைய கேள்வி வந்தால் முழு மார்க் வாங்குவான். வராத கேள்வி வந்தால் திணறுவான். புரிந்து படித்தவன் புதிய கேள்விக்கும் பதில் எழுதுவான். கொள்கைகள் பழைய தேர்வில் தேறியவை என்பது சரி. தேர்வு வைத்தவர்களே நினைத்துப் பார்க்காத கேள்விக்கும் சில கொள்கைகள் சரியான பதில் சொல்கின்றனவே, அது எப்படி? இதற்கு எலிக் கதையில் விடை இல்லை.

தோற்ற பிறகும் தங்கியது

1989இல் ஜான் வோரல் ஒரு சமரசம் பேசினார். அவர் எடுத்துக்கொண்டது ஈதரின் கதை. ஒளி, ஈதரில் பரவும் அலை என்று நம்பித்தான் சமன்பாடுகளை எழுதினார் பிரான்சின் ஃபிரெனல். 1818இல் பாரீஸ் அறிவியல் கழகத்தின் போட்டிக்குத் தன் ஆய்வை அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான புவாஸோன் மடக்கப் பார்த்தார். 'நீர் சொல்வது சரி என்றால் வட்டத் தகட்டின் நிழலுக்கு நடு மையத்தில் வெளிச்சப் புள்ளி இருக்க வேண்டுமே' என்பது அவர் போட்ட முடிச்சு. நிழலின் நடுவில் வெளிச்சமா? சோதித்துப் பார்த்தார் அராகோ. புள்ளி இருந்தது! பரிசு ஃபிரெனலுக்கு.

ஈதர் பிற்காலத்தில் ஒழிந்தது. ஆனால் ஃபிரெனலின் சமன்பாடுகள் ஒழியவில்லை. மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கொள்கையில் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டன. ஆகவே உலகம் எந்தப் பொருளால் ஆனது என்பதில் அறிவியல் தவறலாம், பொருள்களுக்கு இடையிலான உறவைத்தான் அது சரியாகப் பிடிக்கிறது என்றார் வோரல். பாத்திரத்தை மாற்றினாலும் சமையல் அளவு மாறவில்லை என்பது போல.

கொரோனியத்துக்கும் இது பொருந்தும். தனிமம் பொய்யாயிற்று. ஆனால் 1869இல் கண்ட அந்தப் பச்சைக் கோடு பொய்யில்லை. இன்றும் சூரியனின் ஒளிவட்டத்தில் அது இருக்கிறது.

எத்தனை வாசல்?

சரி, 1870இல் வாழ்ந்த ஒருவர், ஹீலியம் நிஜம், கொரோனியம் பொய் என்று எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்? நேர்மையான பதில்: முடியாது. அன்று இரண்டும் ஒரே தரத்தில் இருந்தன. ஒரே ஒரு வாசல் வழியாகப் பார்த்த ஒரே ஒரு காட்சி. வெளுத்ததெல்லாம் பால் ஆகாது என்று அன்றே சந்தேகப்பட்டவர்கள் முட்டாள்கள் அல்ல.

வித்தியாசம் பிறகு வந்தது. 1895இல் லண்டனில் கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் கரைத்தார் வில்லியம் ராம்சே. அவர் தேடியது ஆர்கான் வாயுவை. வெளிவந்த வாயுவின் நிறமாலையில், சூரியனின் அதே மஞ்சள் கோடு! 27 ஆண்டுகளுக்குப் பிறகு ஹீலியம் பூமியில் பிடிபட்டது. அதே ஆண்டு ஸ்வீடனில் கிளீவ், லாங்லெட் இருவரும் தனியாக அதைப் பிரித்தெடுத்து எடையையும் கணக்கிட்டார்கள். 1908 ஜூலையில் நெதர்லாந்தின் லைடன் நகரில் அதைத் திரவமாக்கினார் காமர்லிங் ஓனஸ். கிட்டத்தட்ட அதே சமயத்தில் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் கதிரியக்கப் பொருளிலிருந்து பாயும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய கண்ணாடிச் சுவர் வழியே ஒரு குழாயில் சேர்த்தார்கள். அங்கேயும் அதே ஹீலியக் கோடுகள். யுரேனியக் கனிமத்தில் ஹீலியம் எப்படி வந்தது என்பதற்கும் அதோடு விடை கிடைத்தது.

வானியல், ரசாயனம், குளிரியல், கதிரியக்கம். ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொள்ளாத நான்கு வாசல்கள். நான்கின் வழியாக உள்ளே போனாலும் அதே ஆள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியின் காந்தத்தைக் குளிர்விப்பது மைனஸ் 269 டிகிரியில் இருக்கும் திரவ ஹீலியம்தான். கருவியாகவே பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஒன்றை இல்லை என்று சொல்வது கடினம். இயன் ஹாக்கிங் என்ற தத்துவ அறிஞர் 1983இல் எலக்ட்ரானைப் பற்றிச் சொன்ன வாதமும் இதே வகை: அதை வைத்து வேறொன்றின் மேல் வேலை செய்ய முடிகிறது என்றால், அது இருக்கிறது.

கொரோனியத்துக்கு இரண்டாவது வாசல் திறக்கவே இல்லை. எந்தக் கனிமத்திலும் கிடைக்கவில்லை, எந்தக் குடுவையிலும் சிக்கவில்லை. மாறாக, வேறு வாசல்களிலிருந்து எதிர்ச்சாட்சிதான் வந்தது. 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, தனிமங்களுக்குத் திட்டவட்டமான வரிசை எண் உண்டு என்று காட்டினார் இளைஞர் ஹென்றி மோஸ்லி. இரண்டு ஆண்டுகளில், 27 வயதில், முதல் உலகப் போரில் கலிபோலியில் அவர் கொல்லப்பட்டார். அவர் வகுத்த வரிசையில் நெபுலியத்துக்கோ கொரோனியத்துக்கோ இடுக்கு கூட இல்லை.

அப்படியானால் அந்தப் பச்சைக் கோடுகள் யாருடையவை? 1927இல் நெபுலியத்தின் முகமூடியைக் கழற்றினார் ஐரா போவன். உள்ளே இருந்தது நாம் மூச்சிழுக்கும் ஆக்ஸிஜன்! இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன், வானவெளியின் மிக மிக மெல்லிய வாயுவில் மட்டும் உமிழும் ஒளி அது. கொரோனியம் இன்னும் பெரிய அதிர்ச்சி. 1940 வாக்கில் குரோட்ரியன், எட்லென் இருவரின் ஆய்வுகள் அதையும் அவிழ்த்தன. அது இரும்பு. வீட்டுத் தோசைக்கல்லில் இருக்கும் அதே இரும்பு, 13 எலக்ட்ரான்களை இழந்த நிலையில். அத்தனை எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிய வேண்டுமென்றால் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்பிலோ சுமார் 5,500 டிகிரிதான். அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு கூடுகிறது என்கிற மாதிரி விநோதம். ஒரு தவறைத் திருத்தப் போய்க் கிடைத்த உண்மை இது.

வான் ஃபிராசன் கட்சிக்காரர்கள் இதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எத்தனை வாசல் என்றாலும், கண்ணுக்குத் தெரிந்தது கோடும் முள்ளும்தானே என்பார்கள். சண்டை முடியவில்லை. ஆனால் நமக்கு இதில் ஓர் உபயோகம் உண்டு.

'நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறு சொல்கிறார்கள், இவர்களை எப்படி நம்புவது?' என்று வீட்டில் யாராவது கேட்கும்போது, இரண்டு விதமாகத் தவறலாம். அறிவியல் சொன்னால் அப்படியே நம்ப வேண்டும் என்பது ஒரு தவறு. கொரோனியம் அதற்குச் சாட்சி. அறிவியல் முன்பு தவறியது, ஆகவே என் லேகியம்தான் சரி என்பது இன்னும் பெரிய தவறு. கொரோனியத்தைப் பொய் என்று கண்டுபிடித்தது அறிவியலை வேண்டாம் என்றவர்கள் அல்ல, அந்த வேலையை விடாமல் செய்தவர்கள். ஒரு செய்தி வந்தால் கேட்க வேண்டியது, 'ஜெயித்ததா?' என்பதோடு, 'எத்தனை வாசல் வழியாக?' என்பதும். ஒரே ஓர் ஆய்வு என்றால் அது 1868இன் மஞ்சள் கோடு. ஹீலியமாகவும் இருக்கலாம், கொரோனியமாகவும் இருக்கலாம். பொறுத்திருந்து பார்க்கலாம்.

அதே பச்சைக் கோடு

2023, செப்டம்பர் 2. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயப் புறப்பட்டது ஆதித்யா எல்-1. அதன் திட்ட இயக்குநர் தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. அதில் இருக்கும் முக்கியக் கருவி, பெங்களூரு இந்திய வான்இயற்பியல் மையம் உருவாக்கியது. ஜான்சன் நிலாவின் தயவில் ஐந்து நிமிடம் பார்த்ததை, ஒரு தகட்டால் சூரியனை மறைத்து நாள் முழுதும் பார்க்க முயலும் கருவி அது.

அந்தக் கருவி ஆராய்வதற்கென்று தேர்ந்தெடுத்த கோடுகளில் ஒன்றின் அலைநீளம் 530.3 நானோமீட்டர். யங்கும் ஹார்க்னஸும் 1869இல் கண்ட அதே பச்சைக் கோடு. கொரோனியம் என்ற பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. அங்கே இருப்பது இரும்பு என்று தெரிந்துவிட்டது. அந்த இரும்பு ஏன் அவ்வளவு சூடாக இருக்கிறது என்பதற்குத்தான் இன்னும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை இல்லை.